குடித்துவிட்டு வந்த நாளில் அவர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. ஒன்பது வருடமாகக் குடி. கடைசி மூன்று வருடம் தினமும். வேலை போய்விட்டது. மனைவி பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன் ‘நான் இருந்து என்ன பயன்’ என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தான். மனநல மருத்துவரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் குடித்துக்கொண்டே சாப்பிட்டால் பலன் இருக்காது, முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். போதை மீட்பு மையத்துக்குப் போனால், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர், முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி அலைந்ததில் ஒரு வருடம் போய்விட்டது.

இப்போது நான்கு மாதமாக ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறான். பகலில் மட்டும் திறந்திருக்கும். காசு வாங்குவதில்லை. மருத்துவர் கிடையாது. குடியிலிருந்து மீண்டவர்கள், மனநோயிலிருந்து தேறியவர்கள், ஒரு சமூகப் பணியாளர், சில தன்னார்வலர்கள், அவ்வளவுதான். கூட்டம் நடக்கும், தோட்ட வேலை, கணினி வகுப்பு உண்டு. குடும்பத்தாருக்கும் வாரம் ஒரு கூட்டம் உண்டாம், நான் போனதில்லை. அங்கே போகிற நாளில் தானாகவே குளித்துக் கிளம்புகிறான், குறைவாகக் குடிக்கிறான். ஆனால் போன வாரம் குடித்துவிட்டே போயிருக்கிறான். அவர்கள் திட்டவும் இல்லை, துரத்தவும் இல்லை. கூட்டத்தில் சேர்க்காமல் தனியே உட்கார வைத்து, எனக்குப் போன் செய்து அழைத்துப் போகச் சொன்னார்கள். அவனிடம் ‘நாளைக்கு வா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிச் செல்லம் கொடுத்தால் எப்படித் திருந்துவான்? அங்கே இருக்கும் ஒரு அண்ணன், முன்பு குடித்தவர், பதினொரு வருடமாகத் தொடாதவர், ‘மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விட்டால்தான் முழு விடுதலை’ என்றாராம். சொந்தக்காரர் ஒருவர் வேறு இடம் சொல்கிறார். மூன்று மாதம் உள்ளேயே வைத்து, போன் தராமல், வீட்டாரையும் பார்க்க விடாமல் கண்டிப்பாக இருந்து திருத்தி அனுப்புவார்களாம். நான் எதை நம்புவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோதே ஒன்று உறுத்தியது. நீங்கள் குறை என்று எழுதியிருப்பது அந்த நிறுவனத்தின் நல்ல குணம். போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, மாத்திரைப் பேச்சு, அதுதான் எனக்குப் பயம் தருகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி மாத்திரையை விட்டுவிட்டானா, இன்னும் சாப்பிடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். சண்டை போட அல்ல, தெரிந்துகொள்ள. பாதியில் நின்றிருந்தால் இன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். விட்ட டோஸையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம்.

அந்த அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்னதில் கால் பங்கு உண்மையும் இருக்கிறது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் சில வகை மாத்திரைகள் பழக்கமாகக் கூடியவைதான். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும். ஆனால் மனச்சோர்வுக்கான மாத்திரை வேறு சாதி. அதைச் சாப்பிட்டால் போதை ஏறாது. அதற்காக யாரும் ஏங்குவதில்லை, நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவதுமில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரலாம்; அதைப் பார்த்துத்தான் பலர் ‘பாருங்கள், அடிமையாக்கிவிட்டது’ என்கிறார்கள். வேலை செய்யத் தொடங்கவே அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். தம்பியின் கையில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடம் பெயர் பெயராகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணனிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. குடிநோயாளிகளே ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது. உலகம் முழுக்க இன்று நடக்கும் இத்தகைய கூட்டங்களுக்கு அதுதான் வேர். அந்த பில் வில்சன் 1934 கடைசியில் குடியை விட்டவர், 1971இல் இறக்கும்வரை தொடவில்லை. ஆனால் குடியை விட்டுப் பத்து வருடம் ஆன பிறகு, 1940களில், பல வருடம் கடுமையான மனச்சோர்வில் கிடந்தார். மனநல மருத்துவரிடம் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். குடி போனால் மனச்சோர்வும் தானாகப் போய்விடும் என்றால் முதலில் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது அந்த இயக்கத்தின் வெளிப்படையான நிலைப்பாடும்கூட.

ஆனால் நீங்கள் போய் அண்ணனோடு மோத வேண்டாம். மோதினால் தம்பி அவர் பக்கம்தான் நிற்பான். பதினொரு வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் சொல்லுக்கு அங்கே இருக்கும் எடை உங்கள் சொல்லுக்கு வராது, என் சொல்லுக்கும் வராது. நேராக அந்தச் சமூகப் பணியாளரிடம் போங்கள். ‘மாத்திரையை விடச் சொல்லி இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் நிறுவனத்தின் கருத்தும் இதுதானா?’ என்று கேளுங்கள். ‘ஐயோ, அப்படிச் சொன்னாரா, நாங்கள் பேசுகிறோம், மருந்து பற்றி இங்கே யாரும் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி’ என்று பதறினால் நல்ல இடம். ‘அவரவர் அனுபவம், அதில் நாங்கள் தலையிடுவதில்லை’ என்று மழுப்பினால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொரு அவசரமும் உண்டு. ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வா’ என்று சொல்வது எளிது. தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் வீட்டில் வைத்து நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு நாள், இடம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று முற்றும். அந்தக் கட்டத்தில் மருத்துவமனை இல்லாவிட்டால் இறப்புகூட நேரும். மருத்துவர் கண்காணிப்பில் மருந்து கொடுத்து, தயமின் என்ற வைட்டமினும் கொடுத்து இறக்கினால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் கடந்துவிடுவார்கள். அந்தத் தொண்டு நிறுவனத்திடமும் இதைக் கேளுங்கள்: ‘நிறுத்த விரும்புகிறவரை முதலில் எங்கே அனுப்புகிறீர்கள்?’ ஒரு மருத்துவமனையின் பெயரை அவர்கள் சொல்ல வேண்டும்.

அடுத்து, இரண்டு வாசலுக்கும் நடுவில் நீங்கள் பந்தாக உருண்ட கதை. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. மனநோயும் போதையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். ஆனால் சிகிச்சை மட்டும் தனித்தனிக் கட்டடம், தனித்தனி ஆட்கள் என்று பிரிந்து கிடக்கிறது. மருத்துவர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. மதுவே மனதைக் கீழே இழுக்கும். குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரம் ஆனால் பலருக்கு அந்தச் சோர்வு தானாக விலகிவிடும். விலகாமல் நின்றால் அது தனி நோய் என்று தெளிவாகும். அதனால்தான் நிறுத்திய பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். கணக்குச் சரி. ஆனால் நிறுத்தத் தெரியாதவனிடம் நிறுத்திவிட்டு வா என்பது, நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது போல. அதுவும் ‘இருந்து என்ன பயன்’ என்று சொல்கிற ஆளிடம் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே குழுவிடம் சிகிச்சை பெறுவதே சரி என்று இத்துறையில் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள்.

நல்ல தொண்டு நிறுவனம் உங்களுக்கு உண்மையாகப் பயன்படுவது இங்கேதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தச் சமூகப் பணியாளரை உடன் வரச் சொல்லுங்கள். எத்தனை வருடக் குடி, தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, சாகும் பேச்சு எப்போதெல்லாம், என்னென்ன மாத்திரை, யார் எங்கே திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் ஒரே பக்கத்தில். இப்படி எழுதிக்கொண்டு வருகிற குடும்பத்தையும் அதோடு நிற்கிற ஒரு பணியாளரையும் திருப்பி அனுப்புவது கொஞ்சம் கடினம். தனியாகப் போன அக்காவுக்குக் கிடைக்காத பத்து நிமிடம் அவர்களோடு போகிற அக்காவுக்குக் கிடைக்கும். நியாயமில்லைதான், ஆனால் நடைமுறை அது. இந்தத் துணை போகும் வேலையைச் செய்ய மாட்டோம் என்கிற நிறுவனம் கூட்டம் மட்டும் நடத்துகிற இடம். கெட்டதில்லை, ஆனால் தம்பிக்குப் போதாது.

குடியை நிறுத்திய பிறகு ஏக்கத்தைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு: நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். டைசல்ஃபிரம் வேறு வகை. அதைச் சாப்பிட்டுவிட்டு மது குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உடம்பு உலுக்கிவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம், தம்பிக்குத் தெரியாமல் எதிலாவது கலந்து கொடுத்துவிடுங்கள் என்று யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். செய்யாதீர்கள். உயிர் போன சம்பவங்கள் உண்டு. உயிர் பிழைத்தாலும் உங்கள் கையால் எதையும் நம்பி வாங்கிச் சாப்பிட மாட்டான்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். செல்லம் கொடுக்கிறார்களா?

நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம். பெயர் வேண்டாம், ஒரு மையம். சுவரில் விதிகள் எழுதித் தொங்கும்; முதல் விதி, குடித்துவிட்டு வந்தால் பெயர் அடிக்கப்படும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், அறுபத்து மூன்று நாள் தொடாமல் இருந்தவர், ஒரு நாள் தள்ளாடிக்கொண்டு வந்தார். நான்தான் வாசலில் நின்று, விதி இது, நீங்கள் போகலாம் என்றேன். இளம் வயது, விதியைக் காப்பாற்றிய பெருமை வேறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை. அவருக்கு என்ன ஆனது என்று விசாரிக்கும் வழக்கம்கூட அந்த மையத்தில் இல்லை, ஏனென்றால் பெயர் அடித்தாயிற்று. நெஞ்சுவலிக்காரர் மறுபடி நெஞ்சுவலியோடு வந்தால் ‘போன தடவையே சொன்னோமே’ என்று எந்த மருத்துவமனையும் கதவைச் சாத்துவதில்லை. போதைநோயில் மீண்டும் சறுக்குகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமாவில் நோய் திரும்புகிற அளவும் ஏறக்குறைய இதுவே. சறுக்கல் இந்த நோயின் இயல்பு. சறுக்கிய அன்று எங்கே போகிறான் என்பதுதான் கணக்கு.

உங்கள் தம்பி எங்கே போனான் பாருங்கள். வேறு எங்கும் போகாமல் அங்கே போனான்.

அவர்கள் செய்ததையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மது வாடையே போதும், ஆகவே அது மற்றவர்களுக்கான பாதுகாப்பு. தனியே உட்கார வைத்தார்கள். தெருவில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். உங்களை அழைத்தார்கள். ‘நாளைக்கு வா’ என்றார்கள். செல்லம் கொடுக்கிறவர் குடித்ததைக் கண்டுகொள்ளாமல் கூட்டத்திலேயே உட்கார வைத்திருப்பார். இவர்கள் கண்டுகொண்டார்கள், ஆளை விடவில்லை. எத்தனையோ நிறுவனங்களின் அழகான அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். என்னைக் கேட்டால், ஒரு நிறுவனத்தை எடைபோட அறிக்கை வேண்டாம், ஆள் குடித்து வந்த நாளில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் போதும். அது உங்களுக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேளுங்கள்: மறுநாள் போனபோது ஏன் குடித்தாய் என்று யாராவது உட்கார்ந்து பேசினார்களா? ‘நாளைக்கு வா’ என்பதன் மறுபாதி அது.

‘மருத்துவர் கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள், குறையாகவே. ஒரு மாதத்தில் 720 மணி நேரம். மருத்துவர் அதில் அரை மணி நேரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதியில் ஒரு மனிதன் என்ன செய்கிறான்? வேலை இல்லை, மனைவி பிள்ளை பக்கத்தில் இல்லை, பழைய நண்பர்கள் எல்லாம் குடிக்கிற நண்பர்கள். அந்த வெற்று நேரத்தில்தான் குடியும் வருகிறது, சாகும் எண்ணமும் வருகிறது. சமூகத் தொண்டு நிறுவனங்கள் பிறந்ததே அந்த நேரத்துக்காக. நியூயார்க்கில் 1940களில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர், போக இடமின்றித் தங்களுக்குள் சந்திக்கத் தொடங்கினார்கள். ‘நாங்கள் தனியாக இல்லை’ என்று தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1948இல் அது ஃபவுண்டன் ஹவுஸ் என்ற இல்லமானது. அங்கே யாரும் நோயாளி இல்லை, எல்லோரும் உறுப்பினர். அலுவலகம், சமையல், கணக்கு என்று இல்லத்தை நடத்தும் வேலையை உறுப்பினர்களும் பணியாளர்களும் தோளோடு தோள் நின்று செய்கிறார்கள். பல நாடுகளில் இன்று அதே முறையில் இல்லங்கள் நடக்கின்றன. உங்கள் தம்பி செய்கிற தோட்ட வேலையை நேரம் போக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ‘நீ வராததால் செடிக்குத் தண்ணீர் இல்லை’ என்று யாரோ சொல்ல ஓர் இடம் இருப்பது, இருந்து என்ன பயன் என்று கேட்கிறவனுக்குச் சின்ன விஷயமில்லை.

லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவி தொடங்கினார். ஆலோசனை சொல்லப்போகிறவர் தாம் என்றே நினைத்திருந்தார். வந்தவர்கள் முறைக்காகக் காத்திருந்த அறையில் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், பலர் அந்த அறையிலேயே மனம் இலகுவாகி, அவரைப் பார்க்கத் தேவையில்லை என்று போய்விட்டார்கள். அடுத்த வருடமே பேச்சைக் கேட்கும் வேலையைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்துவிட்டார். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு இன்றும் அப்படித்தான் நடக்கிறது. படித்த எங்கள் கூட்டத்துக்கு இந்தக் கதை கொஞ்சம் கசக்கும்.

அதே மூச்சில் இந்த நிறுவனங்களின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நன்கொடையிலும் ஓரிரு வருட நிதியுதவியிலும் ஓடுகிறவை பல. நிதி நின்றால் கணினி வகுப்பு நிற்கும், சமூகப் பணியாளர் போய்விடுவார். இரவில் பூட்டியிருக்கும், விடுமுறை நாளில் பூட்டியிருக்கும்; தம்பிக்கு மனம் மிகவும் இருண்டு போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆகவே ‘நீங்கள் திறந்திருக்காத நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்று கேட்டு, அவர்கள் தரும் எண்ணையும் உங்கள் பகுதியின் அவசர மருத்துவ எண்ணையும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதிவு செய்யப்பட்ட அமைப்புதானா, வருடக் கணக்கை வெளியிடுகிறார்களா, புகார் சொல்ல வழி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மத மாற்றம், இலவச உழைப்பு, கணக்கில்லாத காசு, இவற்றில் எது தலைகாட்டினாலும் விலகுங்கள்.

சாகும் பேச்சு பற்றி ஒரு வார்த்தை. ‘செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்றும் யோசித்திருக்கிறாயா?’ என்று அவனிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பலருக்குப் பாரம் இறங்கும். வழி யோசித்து வைத்திருக்கிறான் என்றால் அன்று தனியே விடாதீர்கள், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு. வீட்டில் மாத்திரைகளை மொத்தமாக அவன் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பூச்சிமருந்து போன்றவை இருந்தால் வெளியேற்றுங்கள். போதையில் இருக்கும்போது யோசனைக்கும் செயலுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு.

சொந்தக்காரர் சொல்லும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். தங்கிச் சிகிச்சை பெறுவதையே நான் குறை சொல்லவில்லை. மருத்துவர், செவிலியர் இருக்கிற, தானாக ஒப்புக்கொண்டு சேர்கிற, குடும்பம் வந்து பார்க்கக் கூடிய இடங்கள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் வீடுகளில் மருத்துவரோ காவலாளியோ கிடையாது. குடியிலிருந்து மீள்கிறவர்களே வாடகையைப் பங்கிட்டு, ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். குடித்தால் வெளியேற வேண்டும் என்ற விதியும் உண்டு. கண்டிப்பு அங்கேயும் இருக்கிறது, ஆனால் கதவு உள்ளிருந்து திறக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் போன் இல்லை, வீட்டார் பார்க்க முடியாது. உள்ளே அடித்தால் யாருக்குத் தெரியும்? முதல் மூன்று நாளில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? மனச்சோர்வு மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பார்களா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடம் மருத்துவமனையும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவன் திரும்பி வரப்போவது அதே வீட்டுக்கு, அதே வெற்றுப் பகலுக்கு. மதுவைத் தாண்டி ஹெராயின் போன்றவற்றில் சிக்கியவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை: விலகியிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும், வெளியே வந்ததும் பழைய அளவை எடுத்தால் அதுவே கடைசியாகிவிடும்.

கூட்டங்களால் உண்மையில் பலன் உண்டா என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தச் சந்தேகம் இருக்கிறது. 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பிடமிருந்து 2020இல் வந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற நிலைபெற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது. எல்லோருக்கும் அந்தப் பாணி ஒத்துவராது. கடவுள் பேச்சு பிடிக்காமல் ஓடியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு வகைக் குழுக்கள் உண்டு. உங்கள் தம்பிக்கு ஒத்துவருகிறது என்பதற்கு, தானாகக் குளித்துக் கிளம்புகிறான் என்று நீங்கள் எழுதிய வரியே சாட்சி.

கடைசியாக நீங்கள். மூன்று பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றி இருப்பது ஒரே வாக்கியம்: ‘குடும்பத்தாருக்கும் வாரம் ஒரு கூட்டம் உண்டாம், நான் போனதில்லை.’ பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவரைப் போன்ற பெண்களும், கணவர்கள் கூட்டத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்து காத்திருந்து, நமக்கும் இந்த நோய் ஒட்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். 1951இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் உருவானது அப்படித்தான். அது உங்கள் மனதுக்கு. தம்பியைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேறு ஒரு பயிற்சியும் உண்டு. குடிக்காமல் இருக்கிற நேரத்தைக் குடும்பம் எப்படி இனிமையாக்குவது, குடித்த நேரத்தில் எப்படி விலகி நிற்பது, சிகிச்சைப் பேச்சை எந்த நிமிடத்தில் எடுப்பது என்று கற்றுக்கொடுப்பார்கள். கிராஃப்ட் என்பது அதன் சுருக்கப் பெயர். 1999இல் 130 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில், இதைக் கற்றவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்த தங்கள் ஆளைச் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் சூழ்ந்து நின்று எதிர்கொண்டு பேசும் முறையில் அது 30 சதவீதம், அல்-அனான் வழியில் 13 சதவீதம். அல்-அனானின் நோக்கமே வேறு, அதனால் அந்தக் கடைசி எண்ணை வைத்து அதை மட்டமாக நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை வீட்டில் மாற வேண்டிய முதல் விஷயம் நேரம். குடித்திருக்கும்போது அழுது, கத்தி, கெஞ்சி எல்லாம் பேசிவிடுகிறோம். தெளிந்திருக்கும் காலையில் களைத்துப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதை அப்படியே தலைகீழாக மாற்றிப் பாருங்கள். அங்கே போகிற நாளில் அவன் குளித்துக் கிளம்பும்போது ஏதாவது பேசுங்கள், குடியைப் பற்றித் தவிர எதைப் பற்றியாவது.

அவன் கடனை நீங்கள் அடைத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். மருந்துச் செலவும் மையத்துக்குப் போய்வரும் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்த வாரம் நடக்கும் குடும்பத்தார் கூட்டத்துக்குப் போங்கள். தம்பியோடு சேர்ந்து வேண்டாம், தனியாக. அவனைப் பற்றிப் புகார் சொல்லவோ அண்ணனைப் பற்றிப் பேசவோ அன்றைக்கு வேண்டாம். அதற்குச் சமூகப் பணியாளரிடம் வேறு நேரம் கேளுங்கள். வட்டமாக நாற்காலி போட்டிருப்பார்கள். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் உட்காருவார்கள்.